வாக்கு, தேர்தல், தெரிவு: பொருள் தெரிந்த ஆங்கிலச் சொல்லில் மதிப்பெண் ஏன் போகிறது?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பட்டியலைக் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தேர்தல், வாக்களிப்பு, தேர்ந்தெடுத்தல் தொடர்பான இருநூறு ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு குறிப்பேட்டில் எழுதி, மூன்று வாரம் படித்து, எஸ்எஸ்சி எனப்படும் ஒன்றிய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வுக்கான மாதிரித் தாளில் அதே சொற்கள் வந்தபோது பாதிக்குமேல் தவறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, பொருள் தெரிந்த சொல்லில் ஏன் மதிப்பெண் போகிறது என்பதே. கூடவே, ‘எலெக்டர்’, ‘வோட்டர்’ இரண்டும் ஒன்றுதானா என்ற ஐயத்தையும் எழுப்பியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருபவன். மொழியியல் ஆய்வாளன் அல்லன். கீழே சொற்பொருளையும் சொற்பிறப்பையும் பற்றிச் சொல்பவற்றை நல்ல அகராதி எதிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். எப்படிப் படிப்பது என்று சொல்பவை வகுப்பறையில் கண்டவை. அவற்றை ஒரு வாத்தியாரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. ‘தேர்வுக்காகத் தேர்வு பற்றிய சொற்களைப் படிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ‘தேர்வு’ பரீட்சை, இரண்டாவது ‘தேர்வு’ தெரிந்தெடுத்தல். தேர் என்னும் ஒரே வினையிலிருந்து தேர்வு, தேர்தல், தேர்ச்சி, தேர்ந்தெடுத்தல் என்று நாம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இதே இடத்தைச் ‘சூஸ்’, ‘செலெக்ட்’, ‘எலெக்ட்’, ‘பிக்’, ‘ஆப்ட்’, ‘பிரிஃபர்’ என்று பல சொற்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் இந்த ஆறுக்கும் நேரே ‘தேர்ந்தெடு’ என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்பது என் ஊகம். வினாத்தாள் தயாரிப்பவர் இந்த ஆறில் நான்கை எடுத்து விடைத் தெரிவுகளாக வைத்தால், நான்குமே உங்களுக்குச் சரியாகத் தோன்றும். தமிழில் ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் பல சொற்களும் இருக்கும் இடத்தில்தான் வினா பிறக்கிறது. ஆகவே ஒரு சொல்லின் பொருளைப் படிப்பதைவிட, அதன் பக்கத்து வீட்டுச் சொல்லிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பதைப் படிப்பதே பயன் தரும்.

அந்த ஆறையே எடுத்துக்கொள்வோம். ‘சூஸ்’ பொதுச் சொல், எங்கும் செல்லும். ‘செலெக்ட்’ என்பதில் பலவற்றை ஆய்ந்து, தகுதி பார்த்து எடுத்தல் என்னும் சாயல் உண்டு; கிரிக்கெட் அணிக்கு வீரர்களைச் ‘செலெக்ட்’ செய்கிறார்கள், ‘எலெக்ட்’ செய்வதில்லை. ‘எலெக்ட்’ பெரும்பாலும் வாக்கினால் ஒருவரைப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தல். ஆனால் அதற்கு இன்னொரு முகம் உண்டு: ஒருவர் மௌனமாக இருக்க முடிவு செய்தார் என்பதை ‘ஹி எலெக்டெட் டு ரிமெய்ன் சைலன்ட்’ என்று எழுதினால், அங்கே வாக்கும் இல்லை, தேர்தலும் இல்லை. ‘எலெக்டிவ்’ பாடம் என்பது விருப்பப் பாடம். ‘எலெக்டிவ்’ அறுவைச் சிகிச்சை என்பது அவசரமின்றி முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொள்வது. வாசிப்புப் பத்திகளில் இந்த இரண்டாம் முகம் வரும்போது, தேர்தலை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் தடுமாறுகிறார். ‘பிரசிடென்ட்-எலெக்ட்’ என்பது இன்னொன்று. தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்னும் பதவியேற்காதவர். பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் இப்படிப்பட்ட அடைச்சொல் ஆங்கிலத்தில் அரிது என்பதாலேயே அதைக் கேட்கிறார்கள்.

இந்தச் சொற்களோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பிழை கண்டறியும் வினாக்களில் எளிதாக மதிப்பெண் தரும் பகுதி இது. ‘ஆப்ட்’ என்றால் ‘ஃபார்’, விலகுவதென்றால் ‘அவுட் ஆஃப்’. ‘பிரிஃபர்’ என்றால் ‘டு’. காபியைவிடத் தேநீரை விரும்புவதைச் சொல்ல ‘தேன்’ (than) போடக்கூடாது. நம்முடைய ‘விட’ என்னும் உருபு ‘தேன்’ என்றே மொழிபெயர்க்கப் பழகிவிட்டதால், தமிழ் மாணவர்கள் இந்தப் பிழையைச் செய்வது இயல்பு. ‘டு’வோடு வினைச்சொல் சேர்ந்து ‘பிரிஃபர் டு வாக்’ என்று வரும் வாக்கியத்தில் மட்டும் பின்னால் ‘ராதர் தேன்’ வரும். அது தனி அமைப்பு. இரண்டுக்கு நடுவே தேர்வதென்றால் ‘சூஸ் பிட்வீன்’, அந்த இரண்டையும் ‘அண்ட்’ இணைக்கும், ‘ஆர்’ அன்று. நாம் ‘இதுவா அதுவா’ என்று கேட்பதால் கை தானாக ‘ஆர்’ எழுதிவிடுகிறது.

இனி வாக்கு. தமிழில் வாக்கு என்றால் சொல், சொல்லியபடி நிற்கும் உறுதிமொழி, தேர்தலில் அளிப்பது ஆகிய மூன்றும் ஆகும். ‘வாக்குக் கொடுத்தேன்’ என்றால் சத்தியம், ‘வாக்கு அளித்தேன்’ என்றால் ஓட்டு. ஆங்கில ‘வோட்’டும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். இலத்தீனில் ‘வோட்டும்’ என்றால் நேர்ச்சை, வேண்டுதல், விருப்பம். அதே வேரிலிருந்து உறுதிமொழியைக் குறிக்கும் ‘வவ்’ வந்தது, தம்மை ஒன்றுக்கு ஒப்புக்கொடுக்கும் ‘டிவோட்’ வந்தது, நேர்த்திக்கடனாகச் செலுத்தும் பொருளைச் சுட்டும் ‘வோட்டிவ்’ வந்தது. ‘வோட்டரி’ என்ற சொல் விடைத் தெரிவுகளில் வந்தால் அது வாக்காளர் அன்று, பக்தர் அல்லது தீவிரப் பற்றாளர். இந்தக் குடும்பத்தை ஒருமுறை புரிந்துகொண்டவர் அதை மறப்பதை நான் பார்த்ததில்லை. வாக்கு என்னும் நம் சொல்லே அதற்கு முளைக்குச்சியாக நிற்கிறது.

ஆனால் வாக்கு அளிப்பதைச் சொல்லும் வினைச்சொல்லில் தமிழ் நமக்கு எதிராக வேலை செய்கிறது. நாம் ஓட்டுப் போடுகிறோம். ஆங்கிலத்தில் வாக்கைப் ‘புட்’ செய்வதில்லை, ‘காஸ்ட்’ செய்கிறார்கள். அந்தக் ‘காஸ்ட்’டுக்கு இறந்தகாலமும் ‘காஸ்ட்’தான், ‘காஸ்டெட்’ என்று நாளிதழ்களிலும் உரைகளிலும் நீங்கள் பார்த்திருந்தாலும் தேர்வுத்தாளில் அது பிழை. ‘காஸ்டிங் வோட்’ என்பது பதிவான எந்த வாக்கையும் குறிப்பதில்லை. இருபக்கமும் சமமாகும்போது அவைத்தலைவர் அளிக்கும் முடிவு வாக்கு அது. நம் அரசமைப்பின் 100ஆம் பிரிவின்படி மக்களவைத் தலைவருக்கு முதலில் வாக்கு இல்லை, சமநிலை ஏற்பட்டால் மட்டுமே உண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வைத்தால், ஆங்கிலத்துக்கும் பொது அறிவுக்கும் ஒரே குறிப்பு போதும். ஒருவருக்கு ஆதரவாக ‘வோட் ஃபார்’, எதிராக ‘வோட் அகெய்ன்ஸ்ட்’, ஒரு தீர்மானத்தின்மீது ‘வோட் ஆன்’. தீர்மானத்தைத் தோற்கடித்தால் ‘வோட் டவுன்’, ஆட்சியிலிருந்து இறக்கினால் ‘வோட் அவுட்’.

தேர்தலில் போட்டியிடுவதைச் சொல்லும் ‘கன்டெஸ்ட்’ இன்னும் வழுக்கும். அது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை: ‘கன்டெஸ்ட் தி எலெக்ஷன்’. நாம் ‘தேர்தலில்’ என்று ஏழாம் வேற்றுமை போட்டுப் பேசுவதால் ‘கன்டெஸ்ட் இன்’ என்று எழுதத் தோன்றும். பிழை கண்டறியும் வினாவில் அந்த ‘இன்’ பிழையாகவே கொள்ளப்படும். அதைவிட முக்கியமானது, ‘கன்டெஸ்ட் தி ரிசல்ட்’ என்றால் முடிவுக்காகப் போட்டியிட்டார் என்று பொருள் இல்லை. முடிவை எதிர்த்து வழக்காடினார் என்பதாகும். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள், அமெரிக்காவில் ‘ரன்’ செய்கிறார்கள். தமிழில் நாம் ‘நிற்கிறோம்’ என்பதால் பிரிட்டிஷ் வழக்கு நமக்கு எளிதாகப் படியும். இதே போன்ற மறைகுழி ‘ரிட்டர்ன்’. ‘ரிட்டர்ண்ட் டு பார்லிமென்ட்’ என்று பத்தியில் வந்தால் நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வந்தார் என்று கொள்ளக்கூடாது, உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றே கொள்ளவேண்டும். இங்கிலாந்தில் தேர்தல் நடத்தச் சொல்லி அனுப்பப்பட்ட ஆணையில், தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயரை எழுதி அலுவலர் திருப்பி அனுப்பியதால் வந்த வழக்கு அது. நாம் தேர்தல் நடத்தும் அலுவலர் என்று சொல்பவரை ஆங்கிலத்தில் ‘ரிட்டர்னிங் ஆபீசர்’ என்று அழைப்பதன் காரணமும் அதுவே; என் மாணவர்களில் பலர் அந்தப் பெயரைப் பல ஆண்டுகள் கேட்டும் ஏன் ‘ரிட்டர்னிங்’ என்று யோசித்ததில்லை, முதல் சில ஆண்டுகளில் நானும் யோசித்ததில்லை.

இங்கே ஒரு பிழைவகையைச் சற்றுத் தயக்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. ‘தே எலெக்டெட் ஹிம் பிரசிடென்ட்’ என்பது பழுதற்ற வாக்கியம். ‘அஸ்’ வேண்டாம், ஒரே ஒருவர் வகிக்கும் பதவி என்பதால் ‘தி’யும் வேண்டாம். இதுவரை உறுதி. ‘எலெக்டெட் அஸ் பிரசிடென்ட்’ என்பது பிழையா என்று கேட்டால், பயிற்சிப் புத்தகங்கள் பலவும் பிழை என்கின்றன. ஆங்கிலம் நன்கு எழுதுபவர்களின் எழுத்திலோ அது தாராளமாகக் கிடைக்கிறது. தேர்வில் இந்த வாக்கியம் பிழை கண்டறியும் பகுதியில் வந்து, வேறு பிழை எதுவும் தென்படாவிட்டால் ‘அஸ்’ஸைக் குறியுங்கள், வேறொரு தெளிவான பிழை இருந்தால் ‘அஸ்’ஸை விட்டுவிடுங்கள். நான் கொடுப்பது தேர்வுக்கான உத்தியே தவிர மொழி பற்றிய தீர்ப்பு அன்று.

ஒரு சொல் பதிலீடு கேட்கும் வினாக்களில் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. ‘சஃப்ரேஜ்’, ‘ஃபிரான்சைஸ்’ இரண்டும் வாக்குரிமை. முதலாவதற்கும் துன்பப்படுதலைச் சொல்லும் ‘சஃபர்’ என்பதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் இல்லை. இலத்தீனில் வாக்கைக் குறித்த ‘சஃப்ராகியும்’ அதன் மூலம். ‘சஃப்ரஜிஸ்ட்’ என்பவர் வாக்குரிமைக்காகப் பாடுபடும் எவரும். ‘சஃப்ரஜெட்’ என்பது பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போர்க்குணத்தோடு போராடியவர்களைக் கேலி செய்ய 1906இல் டெய்லி மெயில் நாளிதழ் பயன்படுத்திய சொல், அதை அவர்களே பெருமையோடு எடுத்துச் சூடிக்கொண்டார்கள். ‘ஃபிரான்சைஸ்’ என்பதன் அடியில் ‘சுதந்திரமான’ என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. ஐபிஎல் அணிகளின் உரிமையாளர்களைக் குறிக்கவும் அதே சொல் வருவதால் குழம்பவேண்டாம், இரண்டிலும் அடிப்படை ‘வழங்கப்பட்ட உரிமை’ என்பதே. வாக்குரிமை வழங்குதல் ‘என்ஃபிரான்சைஸ்’, பறித்தல் ‘டிஸ்என்ஃபிரான்சைஸ்’. 61ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது கோடிக்கணக்கான இளைஞர்களை ‘என்ஃபிரான்சைஸ்’ செய்தது என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், சொல் நிலைக்கும்.

‘ரெஃபரெண்டம்’, ‘பிளெபிசிட்’ இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்பது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எழும் கேள்வி. முதலாவது, ஒரு சட்டத்தையோ கொள்கை முடிவையோ மக்களிடம் அனுப்பி ஒப்புதல் கேட்டல். இரண்டாவது, ஒரு பகுதி எந்த நாட்டோடு சேரவேண்டும் என்பது போன்ற இறையாண்மைக் கேள்விகளில் மக்கள் தரும் நேரடித் தீர்ப்பு. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும், விடையும் இப்படித்தான் எழுதவேண்டும். நடைமுறையில் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. இந்தியாவோடு இணைவது பற்றி 1948இல் ஜுனாகத்தில் நடந்ததைப் ‘பிளெபிசிட்’ என்றார்கள்; 1975இல் சிக்கிமில் நடந்ததை ‘ரெஃபரெண்டம்’ என்றார்கள்; மகாராஷ்டிரத்தோடு இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்று 1967இல் கோவா மக்களிடம் கேட்டதை ‘ஒப்பீனியன் போல்’ என்றே அழைத்தார்கள், அது கருத்துக்கணிப்பு இல்லாதபோதும். இதே போல ‘மிட்-டெர்ம்’ தேர்தல் என்றால் இந்தியச் செய்திகளில் அவை முன்கூட்டியே கலைக்கப்பட்டு நடக்கும் இடைக்காலத் தேர்தல், 1971இல் நடந்ததுபோல; அமெரிக்கச் செய்திகளில் அதிபரின் நான்காண்டுக் காலத்தின் நடுவே நாள் தவறாமல் நடக்கும் நாடாளுமன்றத் தேர்தல். காலியான ஒரு தொகுதிக்கு நடக்கும் ‘பை-எலெக்ஷன்’ இந்த இரண்டும் அன்று. பத்தி எந்த நாட்டைப் பற்றியது என்று பார்க்காமல் விடை குறித்தால் சொல் தெரிந்தும் தவறும்.

‘மெஜாரிட்டி’ என்பதை உங்கள் பட்டியலில் ‘பெரும்பான்மை’ என்று ஒரு வரியில் முடித்திருப்பீர்கள். ஒரு தொகுதியில் பதிவான நூறு வாக்குகளில் மூவர் 42, 33, 25 என்று பெற்றால், 42 பெற்றவர் வெல்கிறார். ஆனால் அவரிடம் இருப்பது ‘மெஜாரிட்டி’ அன்று, ‘புளூராலிட்டி’. பாதிக்கு மேல் சென்றால்தான் முன்னது. அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்னும் நம் முறைக்கு ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் தி போஸ்ட்’ என்று பெயர், குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. இதற்கு மேல், பிரிட்டிஷ், இந்திய ஆங்கிலத்தில் வெற்றியாளருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வாக்கு வித்தியாசத்தையும் ‘மெஜாரிட்டி’ என்பார்கள். மேற்படி கணக்கில் அது வெறும் ஒன்பது. ஆக, ஒரே வேட்பாளருக்கு ஒரு பொருளில் ‘மெஜாரிட்டி’ இல்லை, இன்னொரு பொருளில் ஒன்பது வாக்கு ‘மெஜாரிட்டி’ உண்டு. இந்த வித்தியாசத்துக்கு ‘மார்ஜின்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினால் குழப்பம் இல்லை. குறைவானால் ‘ஸ்லெண்டர்’, ‘நேரோ’, மிக அதிகமானால் அந்த வெற்றியே ‘லேண்ட்ஸ்லைட்’, மண்சரிவு.

ஒருமனதாக என்பதும் இதே கதை. அனைவரும் ஆதரித்தால் ‘யுனானிமஸ்’. சிலர் வாக்களிக்காமல் ஒதுங்கி, எதிர்ப்பு மட்டும் இல்லாமலிருந்தால் அது ‘நெம் கான்’, எவரும் மறுக்கவில்லை என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். எதிர்த்துப் போட்டியிட ஆளே இல்லாமல் வென்றால் ‘அன்ஒப்போஸ்ட்’. கைதூக்காமல் வாயால் ஆம், இல்லை என்று சொல்வது ‘வாய்ஸ் வோட்’, நம் சட்டமன்றச் செய்திகளில் குரல் வாக்கெடுப்பு. வாக்களிப்பதைத் தவிர்ப்பது ‘அப்ஸ்டெய்ன்’. அதன்பின் ‘ஃப்ரம்’ வரும், ‘டு’ வராது. அதன் பெயர்ச்சொல்லில்தான் கண்ணி இருக்கிறது: வாக்களிக்காதிருத்தல் ‘அப்ஸ்டென்ஷன்’, மது முதலியவற்றைத் தவிர்த்தல் ‘அப்ஸ்டினென்ஸ்’. இரண்டையும் பக்கம் பக்கமாக விடைத் தெரிவில் வைப்பார்கள். தேர்தலையே புறக்கணித்தால் ‘பாய்காட்’. 1880இல் அயர்லாந்தில் குத்தகைதாரர்களால் ஒதுக்கிவைக்கப்பட்ட நிலமேலாளர் கேப்டன் பாய்காட்டின் பெயர் அது. சாவடிக்குச் சென்று யாரும் வேண்டாம் என்று பதிவு செய்வது, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் வந்த நம்முடைய ‘நோட்டா’. ஒதுங்குதல், புறக்கணித்தல், மறுத்தல் ஆகிய இம்மூன்றையும் ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள்.

சொற்பிறப்பைப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நினைவில் நிறுத்த அதைவிடச் சிறந்த பசை இல்லை என்பது என் கருத்து. ஆனால் வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது. ரோமில் பதவி நாடியவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த மேலாடை அணிந்து வந்தார்கள். வெள்ளுடை அணிந்தவர் என்பதே ‘கேண்டிடேட்’. வெளிப்படையான என்னும் பொருளுள்ள ‘கேண்டிட்’ அதன் உறவு. வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றி வந்ததைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து ‘ஆம்பிஷன்’ வந்தது. இத்தாலிய மொழியில் சிறு உருண்டை என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து ‘பேலட்’ வந்தது, ஏனென்றால் வெனிஸில் உருண்டைகளை இட்டு இரகசியமாக வாக்களித்தார்கள். மன்றத்தில் ஒருவரைச் சேர்க்கக்கூடாது என்று கறுப்பு உருண்டை இட்டதால் ‘பிளாக்பால்’ என்றால் விலக்கிவைத்தல். ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயர் கீறி வாக்களித்து ஒருவரைப் பத்தாண்டுகள் நாடுகடத்தினார்கள். ஓடு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஒதுக்கிவைத்தலைச் சொல்லும் ‘ஆஸ்ட்ரசைஸ்’ வந்தது. கூழாங்கல் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து தேர்தல் முடிவுகளை ஆயும் ‘செஃபாலஜி’; அதன் முதலெழுத்தான பி ஒலிக்காது. ‘போல்’ என்பதற்குப் பழைய பொருள் தலை. வாக்கெடுப்பு என்பது தலை எண்ணுதல். தேரை என்பதோடு இதே ‘தலை’ சேர்ந்துதான் தலைப்பிரட்டைக்கு ‘டாட்போல்’ என்று பெயர் வந்தது. நம் தமிழ்ப் பெயரிலும் தலை இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

வேர் எப்படி ஏமாற்றும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. இலத்தீன் ‘லெகெரெ’ என்றால் பொறுக்குதல், தேர்தல், படித்தல். அதிலிருந்து ‘எலெக்ட்’, ‘செலெக்ட்’, தகுதியுள்ள என்னும் ‘எலிஜிபிள்’ ஆகியவையும் வந்தன, படிக்கத்தக்க என்னும் ‘லெஜிபிள்’ என்பதும் வந்தது. படிக்க முடியாத கையெழுத்து ‘இல்லெஜிபிள்’, தகுதியற்ற வேட்பாளர் ‘இன்எலிஜிபிள்’. வேர் ஒன்று என்று தெரிந்தவருக்கு இந்த இரண்டும் இன்னும் எளிதாகக் குழம்பும். ‘பேலட்’ என்பதும் அப்படியே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையைப் பல புத்தகங்கள் தேர்தல் என்றே எழுதுகின்றன. அங்கே நடந்தது தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது. ஆங்கிலத்தில் அது ‘டிரா ஆஃப் லாட்ஸ்’, குலுக்கல். 35 முதல் 70 வரையிலான வயது வரம்பு போன்ற விதிகள்தான் அதில் ‘எலிஜிபிலிட்டி’. இன்றும் இரு வேட்பாளர்கள் சமமான வாக்கு பெற்றால் குலுக்கலே முடிவு செய்கிறது. இதோடு, நம் நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினரின் கேள்வியை முதலில் எடுப்பது என்று குலுக்கிப் பார்ப்பதையும் ‘பேலட்’ என்றே சொல்கிறார்கள் என்பதால், அந்தச் சொல் கண்டவுடன் வாக்குச்சீட்டு என்று பாய்ந்துவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலில் நான் அஞ்சுவது மூன்று சொற்களைத்தான். வாக்குச் சேகரிக்கும் ‘கான்வஸ்’ இரண்டு எஸ்ஸில் முடியும், ஓவியத் துணி ஒரு எஸ்ஸில். ‘பேலட்’டுக்கு எல் இரண்டு, டி ஒன்று, ‘பேலட்டிங்’ என்று நீண்டாலும் டி ஒன்றே. ‘பிரிஃபர்ட்’ என்பதில் ஆர் இரட்டிக்கும், ‘பிரெஃபரன்ஸ்’ என்பதில் இரட்டிக்காது. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே காரணம். மற்றவற்றை எழுதிப் பார்த்தால் போதும்.

மரபுத்தொடர்களில் இந்தத் தலைப்புக்கு அதிகம் இல்லை. ‘சிட் ஆன் தி ஃபென்ஸ்’ என்பதற்கு நம் மதில்மேல் பூனை அருகில் வருகிறது, ஆனால் ஒரு நூலிழை வேறுபாடு உண்டு: பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று நமக்குத் தெரியாது, வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயரோ எந்தப் பக்கமும் குதிக்காமல் இருக்கவே அங்கே உட்கார்ந்திருக்கிறார். ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ என்பதை இரண்டு கெட்டவற்றில் ஒன்றைத் தேர்தல் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்ஸன், வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லையேல் போ என்பாராம். ஆகவே அது தெரிவே இல்லாத தெரிவு. இரண்டும் தொல்லையாக இருப்பது ‘டைலெமா’. கட்சியின் ‘விப்’ என்னும் கொறடா வேட்டைக்களத்திலிருந்து வந்தவர். சிதறும் நாய்களைச் சாட்டையால் கூட்டிச் சேர்ப்பவரின் பெயர் அது. அந்தக் கொறடாவின் கட்டுப்பாடு இல்லாமல் மனசாட்சிப்படி வாக்களிப்பது ‘கான்ஷன்ஸ் வோட்’. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்திரா காந்தி விடுத்த அழைப்பினால் நம் செய்தித்தாள்களில் மனசாட்சி ஓட்டு என்று நிலைத்தது. அந்தத் தேர்தலில் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்ட பிறகே வென்றார் என்பதால், ‘பிரெஃபரன்ஸ்’ என்பதையும் அதே குறிப்பில் எழுதலாம்.

இனி என்ன செய்வது? இருநூறு சொற்களையும் மறுபடி முதலிலிருந்து படிக்காதீர்கள். தமிழ்ப் பொருள் ஒன்றாக வரும் சொற்களை ஒரு தாளில் கூட்டமாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பட்டியல் முப்பது, நாற்பது கூட்டங்களாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும், ஒரு சொல் பொருந்தி மற்றது பொருந்தாத ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். எழுதவரவில்லையென்றால் அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். பிறகு பார்த்துப் படிக்காமல், மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளியை நீட்டுங்கள். இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நினைவில் நிற்கும் என்பது 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மீதே சோதனை செய்து எழுதிய காலத்திலிருந்து மீண்டும் மீண்டும் உறுதியான ஒன்று. ஆனால் நான்கு நாளா, ஐந்து நாளா என்ற கணக்கு என் வகுப்பு வழக்கம்தான், அதில் புனிதம் எதுவும் இல்லை. உங்கள் எஸ்எஸ்சி தேர்வின் முதற்கட்டத் தாளில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு என்பதால், நான்கில் இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து குறிக்கலாம் என்பது கணக்குப்படி சரி. ஐஇஎல்டிஎஸ் போன்று எழுத்துத் திறனையும் சோதிக்கும் ஆங்கிலத் தேர்வுகளுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்ல இயலாது. அவற்றுக்கு நான் மாணவர்களைத் தயார் செய்ததில்லை.

கடைசியாக, உங்கள் ‘எலெக்டர்’, ‘வோட்டர்’ ஐயம். அன்றாடப் பேச்சில் ஒன்றுதான். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் ஒன்று அன்று: வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் ‘எலெக்டர்’, சாவடிக்கு வந்து வாக்களித்தவர் ‘வோட்டர்’. முன்னவரில் பின்னவர் நூற்றுக்கு எத்தனை என்பதே ‘டர்ன்அவுட்’. எலெக்டர்கள் அனைவரையும் சேர்த்துச் சொன்னால் ‘எலெக்டரேட்’, அவர்கள் வாழும் தொகுதி ‘கான்ஸ்டிட்யுவென்சி’, அத்தொகுதிக்காரர் ஒருவர் தம் உறுப்பினருக்கு ‘கான்ஸ்டிட்யுவென்ட்’. அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிய பத்தியாக இருந்தால் மட்டும் கவனம்: அங்கே ‘எலெக்டர்’ என்றால் பெரும்பாலும் ‘எலெக்டோரல் காலேஜ்’ எனப்படும் 538 பேர் கொண்ட குழுவில் ஒருவர், பட்டியலில் பெயர் உள்ள பொதுமக்கள் அல்லர்.